மாடித்தோட்டக்காரருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

செடி வளர்ப்பதில் பித்துப் பிடித்த ஒருவருக்குப் பிறந்தநாளோ பணி ஓய்வோ புதுமனை புகுவிழாவோ வந்தால், பரிசுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நர்சரிக்குப் போனால் பூத்துக் குலுங்கும் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். இல்லையென்றால் பரிசுப்பொருள் கடையில் பீங்கான் தவளையோ, இளஞ்சிவப்புப் பிடி போட்ட மூன்று குட்டிக் கருவிகள் அடங்கிய பெட்டியோ கிடைக்கும். எல்லாமே 500 ரூபாய்க்குள் முடிகிற காரியம். ஆனால் சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ மொட்டைமாடியில் ஐம்பது பைகள் வைத்துக் காய்கறி வளர்க்கிறவருக்கு முதலாவது கூடுதல் வேலை. மற்ற இரண்டும் கூடுதல் தட்டுமுட்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக்காரருக்குக் கொடுக்கும் பொருளை அழகாலோ விலையாலோ அளக்கக் கூடாது. அது அவருடைய அன்றாடப் பாட்டைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சாக்கு, பொட்டலம், கயிறு, சட்டி என்று கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத சாமான்கள்தான் முன்னுக்கு வருகின்றன. கையில் காசு குறைவு என்பது இந்த விஷயத்தில் பெரிய குறையே இல்லை.

விலை குறைந்தால் மதிப்பும் குறைந்துவிடுமே என்ற தயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், கிறிஸ்துமஸ் பரிசு பெற்ற கல்லூரி மாணவர்களிடம் அந்தப் பொருளுக்குத் தாங்கள் போடும் மதிப்பைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெற்றவர் கணக்கில் காணாமல் போயிருந்தது. நண்பர்களும் காதலர்களும் கொடுத்தவற்றில் இழப்பு குறைவு. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி வகையறா கொடுத்தவற்றில் அதிகம். பெறுபவரின் அன்றாடத்தை எவ்வளவு தெரியும் என்பதுதான் வித்தியாசம். 2009-இல் பிரான்சிஸ் ஃபிளினும் கேப்ரியேல் ஆடம்ஸும் நிச்சயதார்த்த மோதிரம் முதல் பிறந்தநாள் பரிசு வரை எடுத்துப் பார்த்தார்கள். விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. அடுத்து பிரான்செஸ்கா ஜீனோவும் ஃபிளினும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பொருத்தமானது. கேட்டதை வாங்கிக் கொடுத்தால் சுவாரசியமில்லை, கேட்காத ஒன்றைத் தேடிக் கொடுப்பதில்தான் அக்கறை தெரியும் என்பது கொடுப்பவரின் எண்ணம். பெறுபவரோ, தான் கேட்டது கிடைத்தபோதுதான் அதிகம் மகிழ்ந்தார். அதைத்தான் அக்கறை என்றும் எடுத்துக்கொண்டார். அமெரிக்க மாணவர்களையும் தம்பதியரையும் வைத்துச் செய்தவை இவை, நம் மொய்க் கணக்குக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்லலாம், ஓரளவு நியாயம்தான். ஆனால் கொடுப்பவர் கண்ணுக்கும் பெறுபவர் கண்ணுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி, கல்யாண வீட்டில் ஐந்து சுவர்க் கடிகாரம் வாங்கிய எவருக்கும் தெரிந்ததுதான்.

தோட்ட விஷயத்தில் அந்த இடைவெளி மிக அகலமாகத் தெரிவது செடியைப் பரிசாகக் கொடுக்கும்போது. கடையில் பூத்து நிற்கும் ரோஜா பெரும்பாலும் ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிர்ச்சியில் ஒட்டுக்கட்டி வளர்ந்தது. அதைச் சித்திரை மாதத்துச் சென்னை மாடியில் இறக்கினால் முதல் வாரம் மொட்டு கருகும். அடுத்த வாரம் இலை உதிரும். ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து நாடு முழுக்கச் செடிகள் போகின்றன. லாரியில் நெடுந்தூரம் தாங்குவதற்காக வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை பிடித்து வரும் செடிகள் பல. அதை அப்படியே நார்க்கழிவுக் கலவையில் நட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும். நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். விஷயம் தெரிந்தவர்கள் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பக்குவமாகக் கரைத்து, வேரை விரித்து நடுவார்கள். பரிசு கொடுத்தவர் காபி குடித்துவிட்டுப் போனபின் அந்த வேலை ஆரம்பிக்கிறது.

வேலையோடு போனால்கூடப் பரவாயில்லை. வெளியிலிருந்து வரும் செடியோடு பூச்சியும் வரும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒரு பாடு படுத்தியது. 2010-இல் அதன் எதிரியான சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இன்றும் தென்னையின் கீழே நிற்கும் வாழை, கொய்யா இலைகளில் கரும்பூசணம் படிய வைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போக நாற்றும் கன்றும் நல்ல வாகனம். செம்பருத்திக் கணுவில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் நாலு மாவுப்பூச்சியைப் பரிசு கொடுப்பவர் கவனிக்க மாட்டார். இரண்டு மாதத்தில் பக்கத்துக் கத்தரி, வெண்டை எல்லாம் அதன் வசம் ஆகிவிடும். அனுபவமுள்ளவர் புதுச் செடியை இரண்டு வாரம் தனியாக ஒரு மூலையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார். பரிசுச் செடிக்கு அந்த மூலையும் வேண்டும்.

மாடியில் இடம் என்பது பாரக் கணக்கும்கூட. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டட விதித்தொகுப்பு எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஈரச் செம்மண் லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ வரை எடை நிற்கும். இருபது லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டியில் மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், தொட்டியின் எடையும் சேர்ந்து நாற்பது, ஐம்பது கிலோ ஆகிவிடும். நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகளுக்கு மாடித்தோட்டக்காரர்கள் மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர் வீட்டுக்குப் பெரிய சிமெண்ட் தொட்டியோடு போய் நின்றால், மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்.

அப்படியானால் செடி கொடுக்கவே கூடாதா? நம் ஊர்த் தெருக்கள் முழுக்கச் செடி கொடுத்து வாங்கியே பசுமையானவை. எதிர்வீட்டுச் செம்பருத்தியில் ஒரு போத்து, பாட்டி வீட்டு மல்லிகையில் ஒரு பதியன், ஓமவல்லியில் ஒரு கொப்பு என்று காசில்லாமல் கைமாறியவை. மணிபிளான்ட் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடிக்கொண்டு வந்தால்தான் தழைக்கும் என்று ஒரு சாத்திரம்கூட உண்டு. இந்தப் பரிமாற்றம் பலிப்பதற்குக் காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. பக்கத்துத் தெருவில் வளர்ந்த செடி அதே வெயிலையும் அதே தண்ணீரையும் தாங்கிக் காட்டியிருக்கிறது. வாங்குகிறவர் அதைப் பல நாள் பார்த்து, ஆசைப்பட்டு, தானே கேட்டிருக்கிறார். அந்த இரண்டும் இருந்தால் செடி நல்ல பரிசு. இரண்டும் இல்லாமல், வந்தவர் எல்லோருக்கும் தாம்பூலப் பையோடு ஒரு வேப்பங்கன்றோ பூவரசங்கன்றோ கொடுப்பது வேறு கதை. நல்லெண்ணம்தான். அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் அந்தக் கன்றை எங்கே நடுவார்? பாதிப் பேர் மண்டபத்து நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போவதைக் குறை சொல்ல முடியாது. வரவேற்பில் ஒரு மேஜை போட்டு, இடம் உள்ளவர்கள் விரும்பிய கன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தால் செலவும் குறையும், கன்றும் பிழைக்கும்.

செடிக்கு அடுத்து விதை. குறைந்த விலைப் பரிசில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் விதை கெட்டுப்போகும் பண்டம் என்பதைக் கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். விதையியலில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். இதைத் திருப்பிப் போட்டால் நம் கடலோர ஊர்களின் சங்கடம் விளங்கும். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த அலமாரியில் ஒரு வருடம் கிடந்த வெங்காய விதை பெரும்பாலும் செத்த விதை. தக்காளியும் கத்தரியும் பூசணி வகைகளும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைத்ததும், முற்றிய சுரையையும் பீர்க்கையும் அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டதும் இந்த ஈரத்தை ஓட்டத்தான். ஆகவே பரிசாகக் கொடுக்கும் விதை அந்த வருடத்து விதையாக இருக்க வேண்டும்; பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் சோதனைத் தேதியையும் முளைப்புத்திறனையும் படித்துவிட்டே வாங்க வேண்டும். சந்தேகம் என்றால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆனி கடைசியில் கையில் கிடைத்த அவரை விதை உடனே மண்ணுக்குப் போகும்; ஐப்பசி அடைமழையில் கிடைத்த அதே விதை அடுத்த பட்டம் வரை டப்பாவில் தூங்கும், அல்லது ஊன்றிய இடத்தில் அழுகும். பிறந்தநாள் கார்த்திகையில் வந்தால் கீரை விதையோ, தைப்பட்டத்துக்கான விதையோ கொடுக்கலாம். எந்த ரகம் என்பதும் முக்கியம். கடையில் எல்லோருக்கும் கிடைக்கிற வீரிய ஒட்டுத் தக்காளியை மூத்த தோட்டக்காரர் தானே வாங்கிக்கொள்வார். அதிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடியைப் போல வராது என்பதும் அவருக்குத் தெரியும். தேடிப் போய் வாங்க வேண்டிய நாட்டு ரகம்தான் அவருக்குப் பரிசு. வேலூர் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அவற்றைக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பல ஊர்களில் நடக்கும் விதைத் திருவிழாக்களில் சிறகு அவரை, மூக்குத்தி அவரை, வகைவகையான சுரை எல்லாம் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். பொட்டலம் பத்து, இருபது ரூபாய்தான். அந்த விதை வேறு ரகத்தோடு கலந்ததா என்பதும் கொஞ்சம் பார்க்க வேண்டிய விஷயம். தக்காளியும் தட்டைப்பயறும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். அவற்றை யார் எடுத்துக் கொடுத்தாலும் ரகம் தப்பாது. சுரை, பூசணி, பாகல் எல்லாம் தேனீ வந்து கலந்துவிடும். இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற தோட்டத்து விதையென்றால் என்ன காய்க்கும் என்பது காய்த்த பிறகுதான் தெரியும். அதனால் விதையோடு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும்: ரகம், எந்த ஊரில் விளைந்தது, எந்த மாதம் எடுத்தது, பக்கத்தில் வேறென்ன நின்றது. இணையத்தில் ஏழு நிறப் படத்தோடு விற்கும் வானவில் ரோஜா விதை வகையறாவைக் கையால்கூடத் தொட வேண்டாம். அந்த நிறம் வெள்ளைப் பூவின் காம்பைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி ஏற்றுவது.

விதைக்கு வெளியே பார்த்தால், மாடித்தோட்டம் என்பது ஓயாத சின்னச் சின்னச் செலவு. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தாலே இது புரியும். பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேம்பிலிருந்து எடுத்த பூச்சிமருந்து, ஒரு கையேடு. வளர்ந்த செடி ஒன்றும் கிடையாது, அலங்காரம் ஒன்றும் கிடையாது. கையேட்டைத் தவிர அத்தனையும் தீர்ந்துபோகிறவை, நைந்துபோகிறவை. தொடங்குகிறவருக்கு எது தேவை என்று யோசித்தவர்கள் இந்தப் பட்டியலுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பத்து வருடம் ஆனவருக்கும் இதே சாமான்கள்தான் வருடா வருடம் தீர்கின்றன.

ஆனால் தீர்ந்துபோகும் சாமானிலும் நல்லது கெட்டது உண்டு. பரிசு கொடுப்பவரின் அக்கறை அங்கேதான் தெரியும். நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். கழுவாத கட்டியை ஊறவைத்து அப்படியே நாற்று நட்டால் இலை ஓரம் கருகும். காபி நிறத் தண்ணீர் வெளுக்கும் வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். உப்பு நீக்கியது என்று விற்கும் கட்டி சில ரூபாய் கூட விலை. ஆனால் அந்த அலசும் வேலையும், தட்டுப்பாடான தண்ணீரும் மிச்சம். நம் அளவுகோல்படி அந்தச் சில ரூபாய் கூடுதல்தான் பரிசு. மண்புழு உரம் வாங்கினால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்க வேண்டும். மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி. சாண நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை. டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சை. கடையில் வெயில் படும் அலமாரியில் ஆறு மாதம் நின்ற பொட்டலத்தில் வெறும் மாவுதான் மிஞ்சியிருக்கும். தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது. வேப்பம் பிண்ணாக்கு எந்த வீட்டிலும் செல்லும். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து அதைவிடக் கூடுதல், ஆனால் எலியையும் எறும்பையும் கூப்பிட்டுவரும். பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் செம்மைப்படுத்திப் பரப்பியது. லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பார்கள். ஊர்ப்புறத்து வீட்டுக்கு அருமையான பரிசு. அடுக்ககத்தில் இருப்பவருக்கு ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்தால், மூடியைத் திறந்த அன்றே குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஆள் வரும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வலுவாக எழும். உர மூட்டையையா பரிசென்று கொடுப்பது? விசேஷத்துக்கு வந்தவர்கள் நடுவில் சாக்கை இறக்கி வைத்தால் நன்றாகவா இருக்கும்? பார்வைக்கு நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கூச்சம் யாருடையது என்று பார்க்க வேண்டும். வண்ணக் காகிதம் சுற்றிய பொருளை எதிர்பார்ப்பது சுற்றி நிற்கும் கூட்டம். சாக்கின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக் கண் மின்னுவது தோட்டக்காரர். விசேஷத்தன்று கையில் ஒரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, மறுவாரம் சாக்கைக் கொண்டுபோய் இறக்கினால் இரண்டு பேர் மனமும் குளிரும். அதிலும் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீட்டுக்கு இருபது கிலோ சாக்கை மொட்டைமாடி வரைக்கும் சுமந்துகொண்டு போய், அவர் காட்டிய நிழலில் இறக்கி வைத்துவிட்டு வருவதை எந்தக் கடையும் விற்காது. தோட்டக்காரர் அறுபதைத் தாண்டியவராக இருந்தால், சாக்குக்குள் இருப்பதைவிட அந்தச் சுமைதான் பெரிய பரிசு.

இன்னொரு ஆட்சேபம் பொருளியல்காரர்களுடையது. தீர்ந்துபோகும் சாமானை அவர் எப்படியும் வாங்கத்தான் போகிறார். அதை நாம் வாங்கிக் கொடுப்பதும் பணமாகக் கொடுப்பதும் ஒன்றுதானே? கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் வால்ட்ஃபோகல் சொன்ன இழப்பு இங்கே நேராது. ஆனால் 500 ரூபாயைத் தாளாகக் கொடுத்தால் அது மொய்ப் பணத்தோடு கலந்து மளிகைக்குப் போகும். தோட்டத்துச் செலவை வீட்டில் பலரும் ஒளித்து ஒளித்துத்தான் செய்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிழல்வலை இதற்கு நல்ல உதாரணம். கத்திரி வெயிலில் கீரையும் நாற்றும் வாடும்போது பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை வாங்கிக் கட்ட வேண்டும் என்று மாசியிலேயே நினைப்பார்கள். பங்குனி போகும், சித்திரையும் போகும், பிறகு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆகும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் அந்த வலையில் நாலு மீட்டர், கட்டக் கயிறு, பாகலும் பீர்க்கும் ஏற நைலான் பந்தல் வலை, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டட்டை ஒரு கட்டு. இவை எல்லாம் அவசரமில்லாத அவசியங்கள், தள்ளிப்போட்டே தவறவிடுகிறவை. தள்ளிப்போட்டதைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதில் பணத்துக்கு இல்லாத பயன் இருக்கிறது.

பரிசு நிலைத்து நிற்க வேண்டும், பார்க்கும்போதெல்லாம் கொடுத்தவர் ஞாபகம் வர வேண்டும் என்பவர்களுக்குக் கருவிகள் இருக்கின்றன. பெட்டியில் வரும் குட்டிக் கருவிகளை ஒதுக்கிவிடலாம். அவற்றின் கழுத்துத் தகடு இறுகிய மண்ணில் முதல் குத்திலேயே வளையும். அதே விலைக்குக் கொல்லுப்பட்டறையில் லாரிப் பட்டையை அடித்துச் செய்த களைக்கொத்து கிடைக்கும். லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு அது. நெருப்பில் காய்ச்சி அடித்துத் துவைத்து, விளிம்பை மட்டும் மெலிதாக்கியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் சுத்தியல் பட்ட தழும்பு இலையில் வரிசையாகத் தெரியும். பிடிக்குள் இறங்கும் வால் நீளமாக இருக்கும், பூண் போட்டு இறுக்கியிருக்கும். ஆடவில்லை என்றால் இருபது வருடத்துக்குப் போதும். கிளை வெட்டும் கத்தரி வாங்குவதானால் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போகும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு அலகு தட்டையான அடித்தட்டில் வந்து இடிக்கும் வகை பச்சைக் கிளையை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்தில் அழுகல் புகும். பூவாளியில் பெரியதை வாங்குவதுதான் வழக்கமான தவறு. பத்து லிட்டர் பூவாளி நிரம்பினால் பத்து கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிச் சாய்த்தபடி ஐம்பது பைக்கு ஊற்றினால் தோள்பட்டை போய்விடும். ஐந்து லிட்டர் போதும். அதைவிட மலிவாக, பெயர்ப் பலகைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகளும் இரண்டு பென்சிலும் கொடுக்கலாம். மார்க்கர் மை வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து அழியாது. எந்தப் பையில் எந்த மிளகாய் என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிலைத்தும் நிற்கும், வேலையையும் குறைக்கும் என்று ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால் சுட்ட மண் கலயத்தைச் சொல்வேன். பானைப் பாசனம் மிகப் பழைய முறை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே அதற்குக் குறிப்பு உண்டு. மெருகு பூசாத, ஒன்று இரண்டு லிட்டர் பிடிக்கும் கலயத்தைப் பெரிய பையின் நடுவில் கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி, கொசு முட்டையிடாதபடி ஒரு மூடியால் மூட வேண்டும். சுற்றி மண் காயக் காய, கலயத்தின் நுண்துளை வழியே தண்ணீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். மேலே ஊற்றும் தண்ணீர் போல வெயிலில் ஆவியாகி வீணாவதில்லை. ஒரு நாள் ஊற்ற மறந்தாலும் தக்காளி தலைசாயாது. மானாமதுரை போன்ற மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர்களில் மட்டுமல்ல, எந்த ஊர்க் குயவர் தெருவிலும் இது கிடைக்கும். 500 ரூபாய்க்கு நாலைந்து வாங்கலாம். வாங்கும்போது ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் வெளிப்புறம் வியர்த்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்துப் பூ வரைந்த கலயம் வியர்க்காது. பரிசு அழகாக இருக்கட்டும் என்று வண்ணம் பூசியதை வாங்கினால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும்.

கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே கணக்கு எப்படி நிற்கும் என்பதும் இந்தக் கேள்வியில் அடக்கம். கொடை எதுவும் திருப்பிக் கொடுக்கும் கடமையைக் கூடவே சுமந்து வருகிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலையுயர்ந்த பரிசை வாங்கியவர் அடுத்த விசேஷத்துக்கு ஈடு செய்யும் கவலையில் இருப்பார். விதைப் பொட்டலத்துக்கும் உரச் சாக்குக்கும் பதில் மரியாதை கையோடு முடிந்துவிடும்: ஒரு கட்டு அரைக்கீரை, நாலு பிஞ்சு வெண்டை, அடுத்த பட்டத்துக்கு அதே ரகத்து விதை. தோட்டக்காரருக்குக் கொடுக்கப் பிடிக்கும். கொடுப்பதற்கு அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். சின்னப் பரிசு அவரைக் கடனாளி ஆக்குவதில்லை என்பதை அதன் சிறப்பாகவே நான் எண்ணுகிறேன்.

காசே செலவில்லாத பரிசு ஒன்று மீதி இருக்கிறது. மாடித்தோட்டக்காரர்களிடம் கேட்டால் பலரும் முதலில் சொல்வதும் அதுவாகத்தான் இருக்கும். செடி வைத்தவர் ஊருக்குப் போக முடியாது. கோடை விடுமுறையில் பத்து நாள், உறவில் ஒரு சாவு என்று ஐந்து நாள், மகள் பிரசவத்துக்கு ஒரு மாதம் என்றால் மாடி என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. சித்திரை வெயிலில் காய் பிடித்த பைகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். இரண்டு நாள் தவறினால் பூ கொட்டும், நாலு நாள் தவறினால் செடியே போகும். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கும் டைமர் நின்றுவிட்டதா, முனை அடைத்துக்கொண்டதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். 'நீங்கள் போய் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பிறந்தநாள் வாழ்த்தோடு எழுதிக் கொடுக்கலாம். பத்து வயசுப் பிள்ளைகூடக் கொடுக்கக்கூடிய பரிசு. இதற்கும் முன்தயாரிப்பு வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவரோடு மாடிக்குப் போய் ஒருமுறை சேர்ந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். எந்தப் பைக்கு ஒரு செம்பு, எதற்கு இரண்டு, எதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது அவருக்குத்தான் தெரியும். முற்றிய வெண்டையையும் கத்தரியையும் பறித்துக்கொள்ளும்படி அவரே சொல்வார். சொல்லாவிட்டால் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காயைப் பறிக்காமல் விட்டால் செடி புதுப்பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.